மாயாண்டி வைத்த ஜன்னல்

கோலா சாவா பக்கத்துத் தோட்டம்,
1951, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி திருநாவுக்கரசுக்கு,

உன் அக்காள் நீலாவதி எழுதுவது. இங்கு ஊரடங்கு நேரம் தவிர மற்ற நேரங்களில் நலம். லுக்குட்டில் நீங்கள் எல்லா நேரமும் நலமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். நான் இந்த வயதில் நாடகத்தில் சேர்ந்து வேஷம் கட்டுவதாக உன் மனைவி முத்துலெட்சுமி கடைத்தெருவில் சொல்லி வருகிறாளாம். நான் வேஷம் கட்டவில்லை. வேஷம் கட்டுகிறவர்களோடு குடியிருக்கிறேன். இரண்டும் வேறு.

தோட்டத்தில் கணக்கெழுதிய உன் அத்தான் காலமான பின் எங்கள் கிராணி வீட்டைப் போலீஸ்காரர்கள் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலும் இடமில்லை. தோட்டத்து நாடகக்காரர்கள் மூவர், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கொட்டகைக்குள் பெட்டிப் பலகையால் தாங்களே பரண் கட்டி வாழ்கிறார்கள்: திரை வரையும் மாயாண்டி, பாடுகிற ராக்கம்மா, ஆர்மோனியம் ஆறுமுகம். எனக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை. வெங்காயம் ராஜா கிரீடத்தில் இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஜன்னல் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. காற்றில்லாத அறையில் படுக்கக் கூடாதென்று கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை வளர்த்தார்கள். மாயாண்டியிடம் கேட்டேன். "ரப்பர் மரத்துப் பக்கம் ஓட்ட போடக் கூடாதுன்னு தொரை உத்தரவு, கிராணியம்மா. காட்டுலேர்ந்து கம்யூனிஸ்டுங்க சுடுவானுங்களாம் லா," என்றான். ஆனாலும் நான் ரேஷன் வாங்கித் திரும்புவதற்குள் ஜன்னல் வைத்துவிட்டான். சுவர்ப் பலகையில், பெயின்டால். அதற்கு வெளியே கடல், ஒரு சூரியன்.

இதை நான் ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி சோதனைக்கு வந்தார். "எவன்டா சன்னல் வெட்டுனது? மூடுங்கடா!" என்று பாய்ந்து ஜன்னலில் கை வைத்தார், பெயின்ட் காயவில்லை, கை முழுக்க நீலம். கீழே இறங்கி வெளிப்பக்கம் போய்ப் பார்த்தார், ஜன்னல் இல்லை. மேலே வந்தார், இருந்தது. மறுபடி இறங்கினார். கடைசியில் என்னிடம், "நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. சன்னல் இருக்கா, இல்லியா?" என்றார். நானும் நெடுநேரம் யோசித்து, "இருக்கிறது. திறக்காது," என்றேன். "தொறந்துல்ல கெடக்கு!" என்கிறார். அதுவும் உண்மைதானே, தம்பி? ராக்கம்மா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அது உடனே மூடப்பட வேண்டும், இல்லையென்றால் பரணைப் பிரித்து எல்லாரையும் வெளியேற்றுவதாக அவர் உத்தரவு. என்னால் இவர்களுக்கு இருக்க இடம் போகிறதே என்று எனக்குத் தூக்கமில்லை. மாயாண்டி அலட்டிக்கொள்ளாமல் இரண்டு கதவுகளை வரைந்து மூடிவிட்டான். முனியாண்டி வந்து தள்ளிப் பார்த்தார். "ம், இப்ப சரி," என்று போய்விட்டார். பரண் பிழைத்தது. ஆனால் மூடியதிலிருந்து எனக்கு ஒரே புழுக்கம், மூச்சு முட்டுகிறது, ஏன் முட்டுகிறது என்று எனக்கே விளங்கவில்லை. இனி இங்கே இருக்க முடியாது. ஞாயிறன்று லாரி கொண்டுவந்து என்னை அழைத்துப் போ. உன் வீட்டில் எனக்கு ஜன்னல் உள்ள அறை வேண்டும். மரத்தில் செய்த ஜன்னல்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். முத்துலெட்சுமிக்கும் உண்டு, அவள் பேச்சைத் திருத்திக்கொண்ட பிறகு.

இப்படிக்கு,
அக்காள் நீலாவதி

பின்குறிப்பு: நான் மூட்டை கட்டுவதைப் பார்த்து மாயாண்டி ஒரு கதவைப் பாதி திறந்து வரைந்துவிட்டான். "போவாதீங்க கிராணியம்மா. முனியாண்டி வந்தா ஒரு துணிய தொங்க விட்டுரலாம்," என்கிறான். காற்று நன்றாக வருகிறது. நீ லாரி கொண்டுவர வேண்டாம். துணி மட்டும் வேண்டும்; முனியாண்டிக்காக அல்ல, காலை வெயில் நேராக என் முகத்தில் அடிக்கிறது. லுக்குட் கடையில் கெட்டித் துணி இரண்டு கெஜம் கிடைக்குமா என்று பதில் எழுது.