ஈரமின்மைச் சான்று

செஞ்சி வட்டாரத்து நெல்லின் ஈரத்தைப் போக்கி, விவசாயிகளின் கண்ணீரையும் துடைக்கும் உன்னத நோக்கத்தோடு, கொள்முதல் நிலையத்தில் ஓர் உலர்த்தும் எந்திரம் வந்து இறங்கியது. முதலில் சூடான காற்று ஊதும், நெல் காயும். பிறகு குளிர்ந்த காற்று ஊதும், சூடு ஆறும். சூட்டோடு மூட்டை கட்டினால் நெல்லுக்கு வேர்த்துவிடுமாம். அடேயப்பா, நெல்லுக்குத்தான் எவ்வளவு கரிசனம்!

தளவானூர் ஜெயக்கொடிக்கு அது சாமியாகவே தெரிந்தது. மழையில் நனைந்த நாற்பது மூட்டை. இன்னும் நாலு நாள் போனால் முளை கண்டுவிடும். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே!

நிலையப் பொறுப்பாளர் ஆதிமூலம், எந்திரத்தில் குளிர்காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெல்லைத் தொட்டவர் திடுக்கிட்டுப்போனார்.

"இன்னாம்மா இது, ஈரமா இருக்குது!"

"அதுக்குத்தான சார் மெஷினு?"

"ஈரம் உள்ள போனா மெஷினு துருப்பிடிச்சிடும். அரசாங்கச் சொத்தும்மா. காய வச்சு எடுத்துனு வா, காய வச்சுத் தரேன்."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தார் ரோட்டில் பாதியை மறித்து நாற்பது மூட்டை நெல்லையும் கொட்டினாள். ஓரத்தில் எல்லைக்குக் கல் வைத்தாள். ரெண்டு நாள் வெயிலும், டவுன் பஸ் சக்கரமும் பட்டு இருபது மூட்டை தேறியது. அதை ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆதிமூலம் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தார். பதினாறு சதவீதம்; பதினேழு வரை வாங்கலாம். முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்! காஞ்ச நெல்லுக்குச் சூடு வேணாம். சூடே ஏறாத நெல்ல ஆற வைக்கவும் வேணாம்."

"அப்ப இந்தக் காத்து எதுக்கு சார் ஓடுது?"

"சோதனை ஓட்டம். ஒரு மாசமா என்னை வச்சுத்தான் சோதிக்கறோம்."

நெல்லை எடுத்துக்கொண்டு ஒரு தாளும் கொடுத்தார்: "எந்திரத்தை நாடி வந்த மேற்படி ஜெயக்கொடியிடம் ஈரம் சிறிதளவும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது."

மீதி இருபது மூட்டையைக் கிளறிவிட அவள் ரோட்டுக்குத் திரும்பினால், பக்கத்து நிலத்துக்காரி ராஜாம்பாள் நனைந்த மூட்டைகளோடு அழுதுகொண்டு நிற்கிறாள். அவளையும் ஆதிமூலம் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அக்கா, நாலு முழம் தள்ளிக்கயேன். என் நெல்லு முளைக்குதுக்கா."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெயக்கொடி எல்லைக் கல்லை இன்னும் ஒரு முழம் வெளியே நகர்த்தி வைத்தாள்.

"உங்கிட்ட கொஞ்சமாச்சும் ஈரம் இருக்குதாக்கா?"

ஜெயக்கொடி மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

"இல்லடி. சீல் போட்டே குடுத்துட்டாங்க."