ஒன்பதாம் வரி முதல் பதினோராம் வரி வரை

மதுரை
கார்த்திகை 9

பெருமதிப்பிற்குரிய ‘கற்சுவடு’ காலாண்டிதழ் ஆசிரியர் திரு. தமிழ்மாறன் அவர்கள் சமூகத்திற்கு,

தெற்கு மாசி வீதிக்குப் பின்புறம் குடியிருப்பவனும், தொலைபேசித் துறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுமான பத்ரிநாத் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி ரங்கநாயகியும் சுகம். அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் அவள் மட்டும் சுகம். தங்கள் மூட்டுவலியும் அச்சகத்தாரின் தாமதமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் ஆடி இதழில் ‘வெள்ளாங்குளத்துப்பட்டி மடைக்கல்வெட்டு: ஒரு புதிய கண்டுபிடிப்பு’ என்ற என் கட்டுரை வெளிவந்தது. அதில் ஒன்பதாம் வரி முதல் பதினோராம் வரி வரை கல்லில் உள்ளவை அல்ல, பத்ரிநாத் என்கிற மடையன் தன் சொந்தப் புத்தியால் எழுதியவை என்று தை இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் திருத்தம் போட வேண்டும். தை இதழை மார்கழிக்குள் கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது. தை பிறந்ததும் அந்த ஊர்க் கண்மாயில் இரண்டாம் தண்ணீர் திறக்கிறார்கள். அதற்குள் திருத்தம் வராவிட்டால் என் உயிருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காமல் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

வைகாசி வெயிலில் கண்மாய் காய்ந்து கிடந்தபோதுதான் நானும் அப்துல் ரசாக்கும் அங்கே போனோம். ரசாக் பாய் காஜிமார் தெருவில் குடைக்கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமைக் கல்வெட்டு வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி. மேலூரில் இறங்கி டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கிப் போனால் ஊர். கண்மாய்க்குள் பழைய கல்மடையின் தூண் ஒன்று நின்றது. நார் பிரஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, அது காய்ந்து வரும் பதத்தில் மை ஒற்றினோம். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வந்தபோது ரசாக் பாய் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார், சட்டையில் அந்த மை இன்னும் போகவில்லை. எட்டு வரி. பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து. மடை அடைத்துக்கொண்டு தண்ணீர் பாயாமல் நின்றபோது கூத்தன் குன்றன் என்பவன் உள்ளே இறங்கித் திறந்தான், திரும்பி மேலே வரவில்லை, அவன் குடும்பத்துக்கு ஊரார் நிலம் விட்டுக்கொடுத்தார்கள், அம்புட்டுதான். அதற்குக் கீழே கல்லின் மூலை உடைந்து போயிருந்தது.

அந்த எட்டு வரியோடு நான் நிறுத்தியிருப்பேன். தாங்கள்தான், ‘கட்டுரை நன்று, ஆனால் முடிவு மொட்டையாக நிற்கிறது, உடைந்த பகுதியில் என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து எழுதினால் சிறக்கும்’ என்று கடிதம் போட்டீர்கள். அந்தக் கடிதம் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். நான் என்ன பேராசிரியரா? எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ட்ரங்க் காலுக்கு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன். மூன்று தரம் கூப்பிட்டு, ஆள் குரல் கொடுத்தால்தான் இணைப்புத் தருவோம். அந்தப் பழக்க தோஷத்தில், ‘ஆண்டுதோறும் முதல் நீர்க்கு இவன் பேர் மூன்றுரு விளித்து, உளேன் என்று மறுமொழி வந்த பின்பே மடை திறக்கக் கடவதாகவும்’ என்று மூன்று வரியை எழுதிச் சேர்த்தேன். ஊகம் என்பதற்கு அடையாளமாகச் சதுர அடைப்புக்குறியும் போட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கல்லின் சொல் அல்ல, படித்தவனின் சொல் என்பது நம் துறையில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளாங்குளத்துப்பட்டியில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் அழகுபாண்டி, கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து மேலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துவிட்டான். கடைக்காரர் ‘கட்டங்கட்டமா இருக்கு, பார்வையா இல்லையே’ என்று அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தாமரைப்பூ வைத்துவிட்டார். பதினைந்தடி பேனர். ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர் பாண்டிராஜ் அம்பலம், மறுபக்கம் என் பாஸ்போர்ட் படம், நடுவில் நான் எழுதிய மூன்று வரி. ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மடை திறக்கும் நாளில், ஊரே கரையில் கூடி நின்று, அம்பலம் தண்ணீரைப் பார்த்து ‘கூத்தன் குன்றா!’ என்று மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். யார் பதில் சொல்வது? அந்த வம்சம் யாரென்று யாருக்கும் தெரியாது. பதில் வரவில்லை. மடையைத் திறக்காமல் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் காலையில் அழகுபாண்டி போன் போட்டான். “அண்ணே, நூத்தி நாப்பது ஏக்கர் நாத்து வெளுத்துப் போச்சுண்ணே. கண்மாய் தளும்பி நிக்கிது, வயக்காடு வெடிச்சுக் கெடக்கு. அந்தக் குன்றன் வகையறா யாருன்னு உங்க புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்கண்ணே” என்று அழுகிற மாதிரி பேசினான். ரசாக் பாயின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அங்கே போய், அம்பலத்திடம் உள்ளதைச் சொன்னேன். “ஐயா, அந்த மூணு வரி நான் எழுதினது” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, அது அச்சுல வந்துருச்சு. எண்ணூறு வருசத்துக்கு முந்தி கல்லுல வெட்டுனத நீங்க எப்படி எழுதியிருக்க முடியும்? உங்க வயசு என்ன?” என்று கேட்டார். அறுபத்து மூன்று என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் செய்த காரியத்தைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். உச்சிவெயில். கரையில் முந்நூறு பேர் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். எதிரே வயலில் நாற்று வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அம்பலம் மூன்றாம் தரம் ‘கூத்தன் குன்றா!’ என்று கூப்பிட்டார். கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வோமே அதேபோல ‘உள்ளேன் ஐயா’ என்று கத்திவிட்டேன். அடுத்த நொடி இன்னொரு குரல் ‘உளேன்’ என்றது. அது கரையிலிருந்து வரவில்லை. மடைத்தூணுக்குப் பக்கத்தில், தண்ணீர் கறுத்துக் கிடக்கிற இடத்திலிருந்து வந்தது. உரக்கக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் குரல். அதில் ஐயா இல்லை. ரசாக் பாய் என் கையைப் பிடித்தார். “சார், நீங்க ரெண்டு தரமா சொன்னீங்க?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் குலவைச் சத்தம் கிளம்பி, அழகுபாண்டி மடைச் சக்கரத்தைத் திருகி, தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்துவிட்டது.

நாற்று பிழைத்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மரத்துக்குப் பின்னால் என்னைப் பிடித்துவிட்டார்கள். ‘பட்டுநூல்காரருக்கு எங்கூருல என்னய்யா வம்சம்?’ என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அதற்கு அம்பலம், ‘அதெல்லாம் அந்தக் காலத்துல எப்படி எப்படியோ இருந்திருக்கும், கல்லு இவர் கண்ணுல மட்டும் பட்டுச்சுல்ல’ என்று தீர்ப்புச் சொல்லி, என் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டார். மதுரைக்கு வந்து ரங்கநாயகியிடம் விவரம் சொன்னேன். அவள் எங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் சொன்னதைத் தமிழில் எழுதினால் பாதிக் காரம் போய்விடும். சுருக்கமாக, ‘கல்லைப் படிக்கப் போனவன் கல்லுக்குப் பதில் பேசிவிட்டு வந்திருக்கிறான்’ என்றாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் யாரோ ‘குன்றா’ என்று கூப்பிட்டார்கள். கூரியர்க்காரர் கூப்பிடும் கூப்பாடு இல்லை. தெரிந்தவன் கூப்பிடுவதுபோல, அவசரமில்லாமல். ‘இதோ’ என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு நின்றது. போய்ப் பார்த்தால் தெரு காய்ந்து கிடக்கிறது, எங்கள் வாசற்படி மட்டும் ஈரம். கண்மாய்ச் சகதி வாடை. ரங்கநாயகி எட்டிப் பார்த்து, “காலக் கழுவிட்டு உள்ள வந்தா என்ன?” என்று என்னைத் திட்டினாள். நான் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. அன்றிலிருந்து தினம் பன்னிரண்டு மணி. நான் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். சிலிண்டர்க்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், இரண்டு நாள் ஓட்டல் சாம்பார். என் மகள் காவ்யஸ்ரீ பெங்களூரிலிருந்து போன் செய்து ‘அப்பா, அப்பா’ என்கிறாள், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊமையாக நிற்கிறேன். அவள் டாக்டரிடம் காட்டச் சொல்லித் தாய்க்கு ரகசியமாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கும் மாதமும் வந்து தொலைத்தது. போகாவிட்டால் நான் செத்தவன் கணக்கு. போனேன். முத்துமீனா என்று ஒரு அலுவலர் அம்மாள், தங்கமான பிள்ளை, வரிசையாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “பத்ரிநாத்!” என்றார். நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். “பத்ரிநாத்! பத்ரிநாத் இருக்காங்களா, இல்லையா?” என்றார். கையையாவது தூக்குவோம் என்று தூக்கப் போனேன். அதற்குள் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ‘உளேன்’ என்று குரல் வந்தது. அந்த அம்மாள் தலை நிமிராமலே, “இருந்தா மொதல்லயே சொல்றதுக்கென்ன, கேமராவப் பாருங்க” என்றார். பார்த்தேன். சான்று வந்துவிட்டது. படத்தில் இருப்பது நான்தான், என் கண்ணாடி, என் சட்டை. ஆனால் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு நான் குளிக்கவே இல்லை. ரங்கநாயகி அந்தத் தாளை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள், பிறகு அதை மடித்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகினாள். அதிலிருந்து அவள் என்னைத் திட்டுவதில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஐயா, நான் உண்மையாகவே பயந்து போயிருக்கிறேன். தைத் தண்ணீருக்கும் வந்து குரல் கொடுக்க வேண்டும் என்று அம்பலம் வெற்றிலை பாக்கு அனுப்பிவிட்டார். ‘வரல’ என்று சொன்னதற்கு, “நாங்க கார் அனுப்புறோம்ணே” என்கிறான் அழகுபாண்டி. அந்த ஊருக்கு என் வாய்ச்சொல் செல்லாது, அச்சில் வந்தால்தான் செல்லும். வாசலில் வந்து கூப்பிடுகிறவனுக்கும் அப்படித்தானோ என்னவோ, யார் கண்டது? அந்த மூன்று வரியை நான் இட்டுக்கட்டினேன் என்று தங்கள் இதழில் வந்துவிட்டால், கூப்பிடவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம், அவரவர் அவரவர் இடத்தில் இருந்துகொள்ளலாம். என் பேர் கெட்டாலும் பரவாயில்லை. ஞாயிறு வகுப்பில் எல்லோரும் சிரிக்கட்டும். தயவுசெய்து திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும், அச்சுக்கோக்கும் தம்பிக்கு அடைப்புக்குறிகளைக் கைவிட வேண்டாம் என்ற வேண்டுகோளும். மீனாட்சியம்மை தங்களை நோய்நொடியின்றி வைத்திருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பத்ரிநாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரசாக் பாய் மூச்சிரைக்க வந்தார். தண்ணீர் பாய்ந்த வேகத்தில் மடைக்குக் கீழே வாய்க்கால் அரித்து, ஒரு கல் துண்டு வெளியே வந்திருக்கிறதாம். அழகுபாண்டி சொல்லி, காலையில் இவர் போய்ப் படியெடுத்து வந்திருக்கிறார், தாளில் ஈரம் இன்னும் காயவில்லை. என் பழைய படிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பு அச்சாகப் பொருந்துகிறது. ஒன்பதாம் வரி, பத்தாம் வரி, பதினோராம் வரி மூன்றும் நான் எழுதியபடியே இருக்கின்றன, ஒரு எழுத்து மாறவில்லை. ஆகவே மேலே கேட்ட திருத்தத்தைப் போட வேண்டாம், என் கட்டுரை சரி.

பன்னிரண்டாம் வரி ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. ‘மறுமொழி சொன்னவனே மறுநீர்க்கு மடையிறங்கக் கடவன்’ என்று முடிகிறது. மறுநீர் என்றால் தைத் தண்ணீர்தான். மறுமொழி சொன்னது இரண்டு பேர் என்று வாதாடிப் பார்க்கலாம் என்கிறார் ரசாக் பாய். மற்றவன் ஏற்கெனவே இறங்கியவன் என்றேன். அதற்கு அவர், “சார், ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

தை இதழிலிருந்து சந்தாவை ரங்கநாயகி பெயருக்கு மாற்றிவிடவும். விலாசம் இதேதான்.