ஜெர்மனிக்காரனுக்கு எல்லாம் தெரியும்

"தெரியும்னு போட்டிருக்காங்கப்பா" என்றான் சசிகுமார்.

"என்னடா தெரியும்?"

"அதப் போடலீங்க. 'வீ ஆர் அவேர். விரைவில் எழுதுகிறோம்.' அவ்வளவுதானுங்க."

ஜெர்மனியிலிருந்து வந்த மெயிலை ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். முதலிபாளையத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு தையல் கம்பெனி. ஜெர்மனிக்காரனுடைய குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்றுதான் கையில் இருந்தது. அது போனால் ஷட்டரை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். இங்கே கரண்ட் இல்லை, சரக்கு தாமதமாகும் என்று அன்று காலைதான் மெயில் போட்டிருந்தார். கரண்ட் இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இல்லாதது ஆள்தான். வெளியே தைக்கக் கொடுக்கக் கூடாது என்ற கண்டிஷனை மீறி, பாதிச் சரக்கை அவிநாசிபாளையத்தில் ஒருவனிடம் தள்ளிவிட்டிருந்தார்.

மெயில் பார்க்கும் தமிழ்மதி லீவு. அவள் இடத்தில் டிக்ஷனரியும் கையுமாக மகன் உட்கார்ந்திருந்தான்.

"தெரியும்னா 'ஐ நோ'ன்னுதானடா போடணும்? அது எனக்கே தெரியும்."

"ரெண்டும் வேறைங்கப்பா. காட்டுல பாம்பு இருக்கும்னு தெரிஞ்சா 'நோ'. காலுக்கிட்ட நெளியறது உறைச்சா 'அவேர்'. விழிப்பா இருக்கறதுன்னும் போட்டிருக்குங்க."

"அப்ப அவன் நம்மளப் பாத்துட்டே இருக்கறானா?"

"அப்படியும் எடுத்துக்கலாமுங்க."

படித்தவன் வாயில் என்றைக்கு நறுக்கென்று ஒரு பதில் வந்திருக்கிறது? ஆறுச்சாமி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

உடனே வேன் அனுப்பி, அவிநாசிபாளையத்துச் சரக்கைத் திரும்ப அள்ளிவரச் சொன்னார். தைத்ததும் தைக்காததும் ஒரே மூட்டையாக வந்து இறங்கின. எந்தக் கை எந்த உடம்புக்கு என்றே தெரியவில்லை.

"ஏனுங்க மொதலாளி, இப்படிக் குப்பையாட்டம் கொட்டுனா நான் என்னத்தப் பிரிக்கறது?" என்றார் கட்டிங் மாஸ்டர் ராக்கையா.

ஆறுச்சாமியின் கண் அவர் சட்டைப் பையில் நின்றது. "புதுசா செல்போனெல்லாம் வெச்சிருக்கறயாட்ட இருக்குது. ஜெர்மனிக்குப் பேசறதுக்கா?"

"ஏனுங்க, சம்சாரத்துக்கு மிஸ்டு கால் குடுக்கவே காசில்லீங்க!"

"இங்க நடக்கறது அங்க எப்படிய்யா போகுது? நீதான உளவு சொன்னே?"

ராக்கையா கத்தரியை மேசையில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார். அவர் ஊர்த் தையல்காரர்கள் நாலு பேரும் பின்னாலேயே போனார்கள்.

சோறு கொண்டுவந்த மனைவி சாரதாமணி கதையைக் கேட்டாள். "தெரிஞ்சவங்ககிட்ட மறைச்சு என்னத்துக்குங்க? ஒத்துக்கிட்டு ஒரு மன்னிப்பக் கேளுங்க."

வெளியே கொடுத்தது நிஜம் என்று மகனை எழுதச் சொன்னார். சோற்றில் ரசம் ஊற்றுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'வீ ஆர் அவேர்.'

"அதுவும் தெரியுமாமாடா!"

ஃபேன் இல்லாமல் வேர்த்துக் கொட்டியது. "இன்னும் எதையோ எதிர்பாக்கறான். நூலு மட்டமான நூலுதான்னு எழுது."

'வீ ஆர் அவேர்.'

"போச்சு. இயற்கைப் பருத்தின்னு ஒட்டுன லேபிளும் பொய்தான்... அதையும் எழுதித் தொலை."

"அப்பா, அது வேண்டாமுங்க."

"எழுதுடா! தெரிஞ்சவங்கிட்ட என்னடா வெக்கம்?"

'வீ ஆர் அவேர். விரைவில் எழுதுகிறோம்.'

ஆறுச்சாமி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அத்தனையும் தெரிஞ்சு வெச்சுட்டு ஒரு வார்த்த வைதானா பாரு! மனுசன்னா அவன்டா."

பெற்ற மகனைக்கூட நம்பாதவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனை நம்பினார். ராக்கையாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் அடியில் காலை நீட்டித் தூங்கினார்.

மறுநாள் வேலைக்கு வந்த தமிழ்மதி, மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே படித்து முடித்தாள்.

"எப்படி கண்ணு? ஆளு தங்கமல்ல?" என்றார் ஆறுச்சாமி.

"ஐயோ சார், அங்க ஆபீசே லீவுங்க. எது போனாலும் 'மெயில் வந்தது தெரியும்'னு அந்த வரிய மெஷினே தானா அனுப்பிருமுங்க. திங்கக்கிழமை வந்துதான் ஆளுங்க படிப்பாங்க."