சல்லடை அண்ணன் பிரிக்காமல் விட்ட சிலந்தி

உலகத்தில் எதைக் கொடுத்தாலும் பிரித்து வைக்காமல் விடாத ஒரே மனிதர் எங்கள் சல்லடை அண்ணன்தான். போடியில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. கை அதோடு நிற்காது. நாங்கள் தங்கியிருந்த மேன்ஷனில் இட்லி வாங்கி வந்தால்கூடப் பெரிது ஒரு தட்டு, சிறிது ஒரு தட்டு என்று பிரித்துவிட்டுத்தான் உட்காருவார். அறைவாசிகளில் என்னை இரண்டாம் தரத்தில் வைத்திருந்தார்.

மேன்ஷனுக்குப் பின்னால் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் சிலந்திகள் முன்னங்கால்களைத் தண்ணீர்மேல் வைத்தபடி காத்திருக்கும். குட்டி மீன் அசைந்தால் ஒரே பாய்ச்சல். அண்ணன் குளிக்க வந்ததை மறந்து நிற்பார். பின்னால் இடுப்பில் துண்டோடு நாங்கள் நால்வர் வரிசையில் நிற்போம்.

"ஏலே, இங்கன வந்து பாரு. ரெண்டு ரகம் இருக்கு. இது பெருங்காய் மாதிரி போல்டு, அது மீடியம்."

"அது குட்டியா இருக்கும்ணே" என்றேன்.

"எங்கிட்டயே சைஸ் சொல்றியா?"

மதுரையில் சிலந்திகளை ஆராயும் பேராசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அளவை வைத்து ரகம் சொல்ல முடியாது என்று அவரும் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் இட்லியைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் துள்ளிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் உடம்பின் இருபுறமும் வெள்ளைக் கோடு. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இல்லை! உடனே அதையும் படம் எடுத்துப் பேராசிரியரிடம் கேட்டார்.

"ஒரே ரகத்துலயும் கோடு மாறுமாம்லே. பிடிச்சு ஸ்பிரிட்ல போட்டு அனுப்பச் சொன்னாக. வயித்துக்கு அடியில மைக்ரோஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியுமாம். புதுசா இருந்தா எம்பேரையே வைப்பாகளாம்!"

முப்பது வருடம் முதல் தரம் பிரித்துக் கொடுத்தவர். ஒரு ஏலக்காய் மூட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை.

பாட்டில் வாங்கி லேபிளும் ஒட்டினார். சிலந்தியையும் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் பார்த்தார், அது வாயில் முட்டைப் பையைக் கவ்விக்கொண்டிருந்தது.

"பொரிக்கட்டும்லே" என்று தொட்டி விளிம்பிலேயே திரும்ப விட்டுவிட்டார்.

வாயில் பை இருக்கும்வரை அது எப்படித் தின்னும் என்று தினமும் போய் வருத்தப்பட்டார். ஒரு வழியாகப் பொரித்தது. பக்கத்துச் செடியில் வலை கட்டிக் குஞ்சுகளைக் காத்தது. அவையும் பிழைக்கப் போய்விட்டன.

"இப்பப் பிடிங்கண்ணே, பேரு வரட்டும்."

"இத்தன பிள்ளைய வளத்துட்டு இப்பத்தான் வாய்க்கு ஒரு மீனு தின்னுது. பேரு கெடக்கு, விடுலே."

அண்ணன் வேலை மாறிக் குமுளிக்குப் போனபோது காலி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது என் வீட்டு ஏலக்காய் அதில்தான் இருக்கிறது. லேபிளில் அவர் கையெழுத்து: "ரகம்: தெரியாது. தரம்: முதல்."

கழுவும்போதெல்லாம் அது நனையாமல் பார்த்துக்கொள்கிறேன்.