முதலாளியை அனுப்பி வைத்த கதை

முதலாளிக்கு ஜன்னலோர இருக்கை ஆகாது என்ற சேதி, ஜன்னலோர இருக்கையை உறுதிசெய்து முடித்த பிறகுதான் உதவியாளருக்குத் தெரிய வந்தது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை வளர்ப்பில் பல வருஷம் வீட்டோடு கிடந்தவளை, நாத்தனார்தான் யார் யாரிடமோ சொல்லி இங்கே சேர்த்துவிட்டிருந்தாள். சேர்த்த கையோடு, "என் பேரைக் காப்பாத்து, அது போதும்" என்றும் சொல்லியிருந்தாள். முதன்முறையாக முதலாளியின் வெளியூர்ப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்யும்போது அந்த வார்த்தைதான் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

இத்தனைக்கும் முதலில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. காலையில் நேரடி விமானம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஹோட்டல். மறுநாள் வீடு. ஒரே தாளில் அழகாக அச்சடித்துக் கொடுத்தாள். முதலாளி அதைச் சாவுச் சேதி படிப்பதுபோல் படித்தார்.

"நடைபாதை ஓரமா சீட்டு பாருங்களேன்" என்றார்.

அது மதிய விமானத்தில்தான் இருந்தது. மாற்றினாள். மதியம் போனால் கூட்டத்தைப் பிடிக்க முடியாது. எதிர்த்தரப்புக் கம்பெனியின் காரியதரிசியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளினாள். மறுநாள் அந்த ஹோட்டலில் ஏதோ மாநாடு, அறை இல்லை. ஊரின் மறுகோடியில்தான் ஒன்று கிடைத்தது. நடுவே பாலத்தை வேறு இடித்துப் போட்டிருந்தார்கள்.

"அதுக்கு உங்க ஊர்லயே தங்கிக்கிட்டு வரச் சொல்லுங்க, சீக்கிரம் வந்துடலாம்" என்றாள் காரியதரிசி.

அதற்குள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். மதிய விமானம் சின்னதாமே, பெரிய விமானமாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். பெரிய விமானம் வேறோர் ஊரில் இறங்கி மாறிப் போவதாக இருந்தது. இரண்டு முறை ஏற வேண்டும் என்றதும் முதலாளியின் முகம் வெளுத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நம் லட்சணம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். எல்லாவற்றையும் ரத்து செய்தாள்; காரியதரிசியிடம் மறுபடி கெஞ்சிக் கூட்டத்தைப் பழைய நாளுக்கே கொண்டுவந்தாள். பழைய காலை விமானத்தில் யாரோ விட்ட நடைபாதை இருக்கை ஒன்று கண்ணில் பட்டது. அதுவும் போய்விடுமோ என்ற பதற்றத்தில், இருக்கைக்கும் பழைய ஹோட்டலுக்கும் கணினி கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தித் தள்ளினாள்.

பயணத்தன்று காலை விமான நிலையத்திலிருந்து டிரைவர் போன் செய்தார். ஐயாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். டிக்கெட்டில் இருப்பது அவள் பெயராம்.

பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். கணினி தானாக நிரப்பிக் கொடுத்ததை அப்படியே விட்டிருக்கிறாள். பறக்கப்போவது அவள். ஹோட்டலில் தங்கப்போவதும் அவள்தான்.

அடுத்த விமானத்தில் இடம் கிடையாது. காரியதரிசிக்குப் போன் போட்டால், மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. இனி இப்படி அலையவிட வேண்டாம், அடுத்த வாரம் எங்கள் ஆட்களே அங்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள் என்றாள். உதவியாளருக்கு அவமானத்தில் காது சுட்டது.

சாப்பாட்டு டப்பா, சீப்பு, பிள்ளையின் போட்டோ எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள். நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக் கண் கலங்கி நின்றபோது முதலாளி உள்ளே வந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க வேலையை இன்னையிலேர்ந்து நிரந்தரமாக்கச் சொல்லிட்டேன்" என்றார். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அறைக்குள் போய்விட்டார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. பின்னாலேயே பெட்டியோடு வந்த டிரைவரிடம், ஐயாவுக்கு என்ன ஆச்சு, எனக்கு முன்னால் இருந்தவர்கள் இதைவிட மோசமாகவா செய்தார்கள் என்று கேட்டாள்.

டிரைவர் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயாவுக்குப் பறக்கறதுன்னாலே உயிர் போயிடும், வெளிய சொல்ல வெக்கம், உங்களுக்கு முன்னால இருந்தவங்க எல்லாரும் அவரைச் சரியா கொண்டுபோய் விமானத்துல ஏத்தி விட்டுட்டாங்கம்மா."