ரைட் சொல்ல ஆளில்லாத வண்டி

அன்பிலும் குறும்பிலும் குறைவில்லாத மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் நலம். வண்டி மிக மிக நலம். அங்கே தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும், வாசலில் நிற்கும் அந்தத் தீப்பெட்டிக் காரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய செய்தியைப் போனில் சொன்னதும் தாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என்ன மச்சான், பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆன கையோட பைக்கா? எங்கயாவது விழுந்து வாரப் போறீங்க!" என்றீர்கள். ஐயா, விழவில்லை. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். கூடவே ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு கேட்கிறேன். முதலில் வண்டியைப் பற்றிக் கேளும்.

அது பால் வாங்கப் போகிற வண்டி இல்லை. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி, பின்சீட்டுக்குச் சாய்ந்துகொள்ள மெத்தை. கறுப்பு நிறம், துடைத்தால் முகம் பார்க்கலாம். நான் அதில் பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறேன் என்று உன் அக்கா கேலி செய்கிறாள். ஒரே ஒரு தடவைதான் செய்தேன். மாடிவீட்டுப் பல் டாக்டர், என்னிடம் இத்தனை வருஷத்தில் "வணக்கம்" என்ற வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், கையில் டிபன் டப்பாவோடு வண்டியை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "சார், உங்களதா?" என்றார். "எனக்கே நம்ப முடியல டாக்டர்" என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நீ சொல்லுவாய். சொல்லிக்கொள். என் குஞ்சு நிஜமாகவே பொன்குஞ்சு.

வண்டி எடுக்கப் போன அன்று ஷோரூமில் நான் வழக்கப்படி வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஸ்டெப்னி எங்க?" என்று கேட்டேன். விற்பனைப் பெண் நல்ல பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்கு ஸ்டெப்னி கிடையாதுங்க சார்" என்றாள். மாற்றுச் சக்கரம் இல்லாமல் நான் டிப்போவை விட்டுக் கிளம்பியதே இல்லை, மாப்ள. அதோடு ஒரு பெட்டியைக் கொடுத்து, "ரெண்டு ஹெல்மெட் சார், உள்ளே மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கு. பின்னாடி உக்காரவங்க உங்ககூடப் பேசிக்கிட்டே வரலாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட யாரும் பேசக்கூடாதும்மா. போர்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாதாரண ஹெல்மெட் இரண்டு தனியாக வாங்கிக்கொண்டேன். கொடுத்ததை வேண்டாமென்று சொல்லாமல் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிக்காமலே பரண்மேல் போட்டுவிட்டேன். சட்டம் என்றால் சட்டம்.

பின்சீட்டில் முதலில் உட்காரப் போவது உன் அக்காதான் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்பினேன். ஆனால் கை என் பேச்சைக் கேட்டால்தானே? நேரே வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக அது பழைய ரூட்டைப் பிடித்துவிட்டது. ரூட்டைப் பிடித்தால் பரவாயில்லை, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்றேன், யாரும் ஏறவில்லை. தபால் நிலைய ஸ்டாப்பில் நின்றேன், ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பில் நம் தையல்காரர் நின்றிருந்தார். என் பஸ்ஸில் தினமும் வந்தவர். என் முகத்தைப் பார்த்ததும் கையைக் காட்டினார், நான் நிறுத்தினேன், அவர் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸா பைக்கா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மார்க்கெட்டில், "இங்கயே இறங்கிக்கிறேன் டிரைவர் சார்" என்று இறங்கி, நாலு எட்டு நடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இத்தோடு போயிருந்தால் சரி. மறுநாள் உன் அக்கா ரவிக்கை வாங்கக் கடைக்குப் போனபோது அந்தப் புண்ணியவான், "சீட்டுன்னா சீட்டும்மா, சோபா தோத்துப்போகும்!" என்று புகழ்ந்து தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்தவள், "எனக்காக வாங்கினதுன்னு சொன்னீங்க. தையல்காரர் வெள்ளோட்டம் பார்த்தாச்சு போல!" என்றாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து சிக்னலில் நடந்தது. பச்சை விழுந்துவிட்டது. நான் நிற்கிறேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நான் நிற்கிறேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் இறங்கி வந்து, "பெரியவரே, பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, ஏன் கிளம்பல?" என்றார். "இன்னும் ரைட் கொடுக்கலையே சார்" என்றேன். "யாரு கொடுக்கணும்?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டு காலியாக இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, பின்னாலிருந்து கண்டக்டர் விசில் ஊதி "ரைட்" சொல்லாமல் என் கால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டதே இல்லை, மாப்ள. அந்தக் காலி சீட்டைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. போலீஸ்காரரே பாவம் பார்த்து, "சரி, நான் சொல்றேன். ரைட், போங்க" என்றார். போனேன்.

இப்போது உதவி விஷயத்துக்கு வருகிறேன். என் பஸ் மலையடிவாரம் வரைக்கும்தான் போகும் என்பது உனக்குத் தெரியும். அதுதான் கடைசி ஸ்டாப். அங்கே வண்டியைத் திருப்பிவிடுவேன். அதற்குமேல் ஒரு சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது, மேலே ஏரி இருக்கிறது என்பார்கள். கல்யாணமான புதிதில் உன் அக்கா ஒரு நாள் என் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை வந்து, "அந்த ரோடு எங்கங்க போகுது?" என்று கேட்டாள். "எனக்கு இதுவரைக்கும்தான் ரூட்" என்றேன். அவளை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் போகத்தான் இந்த வண்டி. இதைச் சொன்னால் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா?

"அன்னிக்கு முன்சீட்டுல உக்காந்துதான் வந்தேன். வழியில ஒரு வார்த்தை பேசினீங்களா? 'ஓட்டுநரிடம் பேசாதீர்'னு போர்டைக் காட்டினீங்க. அன்னிக்குப் பார்க்க ஆரம்பிச்சேன் உங்க முதுக. ரிட்டயர்டு ஆனப்புறமும் அதே முதுகத்தான் பார்க்கணுமா, அதுவும் இன்னும் கிட்டத்துல? நான் வரல, நீங்க தையல்காரரையே கூட்டிட்டுப் போங்க."

நீதான் வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் பேச வேண்டும். தம்பி சொன்னால் கேட்பாள். அவள் ஏறமாட்டேன் என்றுவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஆளில்லாமல் ஓட்டுவது டிரிப்பில் சேராது, அது வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரிதான். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். காருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
விழாத மச்சான்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. "உன் தம்பிக்கு நீ ஏதாவது எழுதணுமா?" என்று புத்திகெட்டுப்போய் இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் நீட்டினேன். முழுக்கப் படித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினாள். அதிலிருந்த ஹெல்மெட் இரண்டையும் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாள். காலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டியபடி வாசலில் நிற்கிறாள். "ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். "இந்த வண்டியில போர்டு எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள். தேடிப் பார்த்தேன், இல்லை. ஏறி உட்கார்ந்தவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள், மாப்ள. அத்தனை வருஷப் பேச்சும் காதுக்குள்ளேயே வந்து இறங்கியது. நீ பரீட்சைக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த கதை உட்பட. மலையடிவாரம் வந்ததும் என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி கடைசி ஸ்டாப்பில் கன கச்சிதமாக நின்றது. "ஏன் நின்னுட்டீங்க?" என்றாள். "இதுக்கு மேல எனக்கு ரூட் இல்ல" என்றேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றாள்.

இதை ஏரிக்கரைத் தபால் பெட்டியில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும்.