சேவல் கொலை வழக்கும் லாயர் அண்ணனும்

பினாங்குத் தீவிலேயே சட்டம் படிக்காமல் வக்கீலான ஒரே மனிதர் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் லாயர் அண்ணன்தான். தொழில் என்னவோ தொழிற்சாலை பஸ் ஓட்டுவது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கொலை வழக்கு நாவல் அவரைக் கெடுத்துவிட்டது. அதில் நிரபராதிக்காக வாதாடும் வக்கீல், கொலைகாரன் கூண்டில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறான் என்று விரலை நீட்டுகிறார். யாரை நோக்கி என்பதுதான் தெரியாது. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

அதனால் அண்ணனுக்கு வாரத்துக்கு ஒரு கொலைகாரன். "சமையல்காரன்தான் லா தம்பி," என்பார். அடுத்த வாரம் அதே சமையல்காரனுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டு டாக்டரைப் பிடிப்பார். ஃபிளாட்டில் யார்மேல் புகார் வந்தாலும், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாதாட வந்துவிடுவார். லிஃப்டில் எச்சில் துப்பியவனுக்காக வாதாடி, தப்பு லிஃப்டுடையது என்று நிரூபித்தவர் அவர்.

ஒருநாள் வினை என் வீட்டுக்கே வந்தது. கீழ்மாடி சரசு அக்கா முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவல், மோட்டார் நிறுத்துமிடத்தில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் என் நாய் டைகர், வாயில் இறகோடு.

"சாமி கோழியக் கொன்ன நாய் இங்க இருக்கக் கூடாது. பாலிக் புலாவ் தோட்டத்துல கொண்டு போயி விட்டுருங்க," என்றார் அக்கா. மனைவி போன பிறகு வீட்டில் என்னோடு இருந்த ஒரே உயிர் டைகர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் மண்டபத்தில் விசாரணை. ஃபிளாட் தலைவர்தான் நீதிபதி. மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்தது என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. மழைக்கோட்டுக்குள் வேர்த்து வழிந்தபடி அண்ணன் டைகரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தார்.

"யாங் ஆரிப், என் கட்சிக்காரர் வாயில்லா ஜீவன்," என்று, கோர்ட்டில் நீதிபதியை மலாயில் அழைக்கும் மரியாதையோடு தலைவரைப் பார்த்துத் தொடங்கினார்.

"வாயில்லாமத்தான் றெக்கையக் கவ்வுச்சா?" என்றார் அக்கா.

அண்ணன் சளைக்கவில்லை. "செத்துப்போன சேவலுக்கு எதிரிங்க உண்டா அக்கா?"

"விடியறதுக்கு முந்தியே கூவுனா ஃபிளாட்டே எதிரிதான்," என்று தலைவர் வாயை விட்டார்.

"அப்ப யாங் ஆரிப்புக்கும் மோட்டிவ் இருக்கு."

தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். டைகரோ நாற்காலியிலேயே தூங்கிவிட்டது. அக்கா மட்டும் அசையவில்லை. "நாய் போயே ஆகணும்." தலைவரும் தலையாட்டிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது அண்ணன் விரலை நீட்டினார். விரல் கூட்டத்தை ஒரு சுற்று சுற்றியது. எல்லார் முகமும் வெளுத்தது. கடைசியில் அது அவர் நெஞ்சிலேயே வந்து நின்றது.

"கொலைகாரன் நான்தான் யாங் ஆரிப். காலையில மோட்டார எடுக்குறப்ப ஏத்திட்டேன். நாய் பொறவு வந்து மோந்துதான் பாத்துச்சு."

அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினார். அண்ணன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, புதுச் சேவல் ஒன்று வாங்கித் தந்து, முனீஸ்வரருக்குத் தேங்காயும் உடைத்தார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்த வாரம் முழுக்க அவருடைய மோட்டார் ரிப்பேராகிப் பட்டறையில் கிடந்தது. அவரை என் வண்டியில் வேலைக்கு ஏற்றிப்போனதே நான்தான். மறுநாள் சாப்பாட்டுக் கடையில் கேட்டுவிட்டேன்.

"கேஸ் முடிஞ்சிருச்சு தம்பி," என்றார், தேநீரை ஊதியபடி. "கடைசிப் பக்கம் இல்லாத கேஸுல யாராச்சும் ஒருத்தன் கொலைகாரனா ஆகித்தானே தீரணும்?"

டைகர் என் காலடியிலிருந்து எழுந்து, அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்குப் பொறாமையே இல்லை. இடம் இருந்திருந்தால் நானும் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன்.